மூல ஆசிரியர் நேரில் வர வேண்டும்

வாசிப்பு வாரத்தை முன்னிட்டு வாசிப்பறை மூடப்பட்டிருந்தது. கதவை மறைத்துக் கட்டியிருந்த பேனரில் அந்தச் செய்தியை மகிழ்ச்சியுடன் தெரிவித்திருந்தார்கள். கீழே கல்லூரி முதல்வர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சற்றே சிறிய அளவில் நூலகர் சிரித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தின் படம் போட இடம் இல்லாமல் போயிருக்க வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்த உபகாரமேரி அந்தப் பேனரை மூன்று முறை படித்தாள். அன்றைக்கு அந்த நூலகத்தில் படிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அவள் வந்தது படிப்பதற்கும் அல்ல, பாவம். ஏழு வருஷமாகப் படித்து முடித்தாயிற்று. பகுதிநேர முனைவர் பட்டத்துக்காக, கரும்பு வெட்டுகிறவர்களின் வழக்குச் சொற்களைப் பற்றி முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதி, நெறியாளரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக, வெட்டாள்களோடு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய், கரும்புச் சோகையின் இலை கிழித்த கையோடு ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்த சொற்கள் அவை. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஆய்வுப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது நீட்டிப்புக்கு விதியில் இடம் கிடையாது.

ஒப்படைக்க ஒரே ஒரு காகிதம்தான் குறைந்தது. ஆய்வேடு யாரையும் பார்த்து எழுதியது அல்ல என்று நூலகம் கொடுக்க வேண்டிய ஒப்புமைச் சான்றிதழ். பத்து சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து இருக்கக் கூடாது. அது பத்து நிமிஷ வேலை, மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நெறியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். சாமி வரம் கொடுத்துவிட்டது, இனி பூசாரியைப் பார்ப்பதுதான் பாக்கி.

பூசாரியின் பெயர் முனைவர் இளஞ்செழியன். அவரை நூலகர் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். நூலகத்தை நூலகம் என்று சொன்னாலும் அப்படித்தான். போன வருஷம் அதற்கு ‘அறிவு வள ஒருங்கிணைப்பு மையம்’ என்று பெயர் மாற்றி, இவர் அதன் இயக்குநர் ஆகியிருந்தார். புத்தகங்கள் அதே புத்தகங்கள்தான், தூசியும் அதே தூசிதான், ஆனால் அவற்றை ‘அச்சு வளங்கள்’ என்று சொல்ல வேண்டும். பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போன உபகாரமேரி, தெரியாத்தனமாக “லைப்ரேரியன் சார்” என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

நிமிர்ந்தவர் பொறுமையாகவே விளக்கினார். சான்றிதழ் வேண்டுமானால் ஆய்வேட்டை இணையக் கருவியில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குப் பயனர் பெயர் வேண்டும். பயனர் பெயருக்கு, இணைய ஆய்வுக் கருவிகள் பயிலரங்கில் கலந்துகொண்ட சான்று வேண்டும். பயிலரங்கு எப்போது என்று கேட்டாள். இன்றைக்குத்தான், பத்தரைக்கு, அவள் வந்தது நல்லதாகப் போயிற்று, அரங்கத்தில் ஆள் கம்மி என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று உபகாரமேரி சந்தோஷப்பட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பயிலரங்கு மூன்று மணி நேரம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்ற அரைமணி, விளக்கு அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்த ஆள் தேடியது கால்மணி. வரவேற்புரை, நோக்கவுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை என்று உரைகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. மேடையில் இருந்த ஒன்பது பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் பிறகு இன்னொருவர் வந்து பொன்னாடை போர்த்தினார். கருவியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்தபோது இணையம் போய்விட்டது. போனால் போகட்டும் என்று ஒரு பேராசிரியர் கருவியின் முகப்புப் பக்கத்தைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துவந்து, இந்த இடத்தில் அழுத்தினால் உள்ளே போகலாம் என்று காகிதத்தை விரலால் அழுத்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சான்று வேண்டுமென்றால் பின்னூட்டப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்றார்கள். இணையம் நாலு மணிக்கு வந்தது. ‘இப்பயிலரங்கு உங்கள் வாழ்வை எவ்வாறு மாற்றியது?’ என்ற கேள்விக்கு நூறு சொல்லுக்குக் குறையாமல் பதில் எழுத வேண்டியிருந்தது. உபகாரமேரி தொண்ணூற்றெட்டுச் சொல் எழுதி, ‘மிக மிக’ என்று இரண்டு சேர்த்து அனுப்பினாள். திங்கட்கிழமை அப்படிக் கழிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கணினிப் பிரிவு ஜெயசுதா அவளுடைய ஆய்வேட்டை ஏற்றினாள். ஜெயசுதாவுக்கு வாயெல்லாம் அன்பு, கையில் அதிகாரம்தான் கிடையாது.

“ஏத்திட்டேன்க்கா. இப்ப ஒரு ஓ.டி.பி. வரும், அத்தப் போட்டா மெஷினு ஓடும். ஆனா அது டைரக்டர் சாரு போனுக்குத்தான் வரும். அவரு கல்வராயன் மலைக்கில்ல போயிருக்காரு.”

மலைக்கு எதற்குப் போனார் என்று கேட்டால், மலைவாழ் மக்களுக்கு மின்னிதழ்களை அர்ப்பணிக்கப் போயிருக்கிறார் என்றாள். எப்போது திரும்புவார் என்பது அவர் சாப்பாட்டைப் பொறுத்தது. உபகாரமேரி யோசித்தாள். மலை நம்மிடம் வராது, நாம்தான் மலைக்குப் போக வேண்டும் என்று வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். வளைவுக்கு வளைவு வாந்தி வந்தது. பையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு சரக்கு வண்டிக்காரரைக் கெஞ்சி ஏறி, நிகழ்ச்சி நடக்கிற ஊருக்குப் போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது.

அங்கே பன்னிரண்டாயிரம் வெளிநாட்டு ஆய்விதழ்கள் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த ஊரில் டவர் கிடையாது. அதனால் கணினித் திரையைப் பத்தடிக்கு ஆறடி பேனராக அச்சடித்து இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி, அதன் குறுக்கே ரிப்பன் வைத்து வெட்டினார்கள். சாமை அறுத்துக்கொண்டிருந்த பெண்களை, கூட்டம் காட்டுவதற்காகக் காட்டிலிருந்து கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். பெரியம்மாள் என்பவள் கையில் அரிவாளோடு அந்தப் பேனரையே உற்றுப் பார்த்துவிட்டு, ரேஷனுக்கு இதில் எந்த இடத்தில் கைரேகை வைக்க வேண்டும் என்று உபகாரமேரியிடம் மெதுவாகக் கேட்டாள். உபகாரமேரிக்கும் தெரியவில்லை.

இளஞ்செழியன் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். “எங்கள் மையத்தின் சேவையைக் கடைசி மனிதர்வரை கொண்டுசெல்வதே எங்கள் லட்சியம்” என்றார். “அந்தக் கடைசி மனிதர் யார் என்று நாங்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் சமவெளியில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். புகைப்படம் சரியாக விழவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் வந்திருக்கிறோம்.”

சாப்பாடு முடிந்து அவர் கைகழுவும் இடத்தில் உபகாரமேரி போய் நின்றாள். ஓ.டி.பி. என்றதும் அவர் போனைப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. பெரியம்மாள்தான் வழி சொன்னாள். ஏரிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகளோடு பேச ஊரே அதன்மேல்தான் ஏறும், அதற்குப் பெயரே டவர் பாறை. இயக்குநர் பளபளவென்ற பூட்சோடு நாலு காலில் ஏறினார். பின்னாலேயே உபகாரமேரி ஏறினாள். உச்சியில் போன் கிணுகிணுத்தது. முதல் எண் வந்தபோது, மலையுச்சியிலும் மையத்தின் சேவை என்று ஆண்டறிக்கையில் போட ஒரு படம் எடுக்கச் சொன்னார். கண் மூடியிருந்ததால் மறுபடி எடுக்கச் சொன்னார். அதற்குள் பத்து நிமிஷம் கடந்து எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணை ஜெயசுதாவிடம் போனில் படிக்கும்போது ஆறை ஒன்பதாகப் படித்துவிட்டார், மூக்குக்கண்ணாடி கீழே காரில் இருந்தது. மூன்றாவது எண்ணை உபகாரமேரியே படித்தாள். கீழே கள்ளக்குறிச்சியில் மெஷின் ஓட ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற கவலை அப்புறம்தான் அவளுக்கு வந்தது.

புதன்கிழமை முடிவு வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தொண்ணூற்றொரு சதவீதம் பிறர் எழுத்து.

ஜெயசுதா அந்தக் காகிதத்தைக் கொடுக்கவே தயங்கினாள். யார் எழுத்தாம் என்று உபகாரமேரி கேட்டாள்.

“யாரோ செ. உபகாரமேரியாம்க்கா” என்றாள் ஜெயசுதா. “நீங்க ஆ. உபகாரமேரிதான?”

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. எலவனாசூர்கோட்டை செபாஸ்தியானின் மகளாக அவள் ஆய்வில் சேர்ந்தபோது செ. உபகாரமேரி. அரையாண்டுக்கு ஒருமுறை எழுதியவரை நூலகத்தின் மின் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்பது கல்லூரி விதி, ஏற்றினாள். பதினொரு தடவை ஏற்றினாள். நாலு வருஷத்துக்கு முன்னால், வரன் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் மூங்கில்துறைப்பட்டு ஆல்பர்ட்டைக் கட்டிக்கொண்டாள். நம் பக்கத்து வழக்கப்படி அப்பாவின் எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்தது. ஆதாரில் மாற்றினாள், வங்கியில் மாற்றினாள், கல்லூரி அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதிவையும் மாற்றினாள். களஞ்சியத்தில் மட்டும் பழைய பெயரிலேயே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்குத் தமிழ் சரியாக வராது. உலகத்தில் உள்ள தமிழ் எழுத்துகளில் அதற்குத் தெரிந்தது இந்தக் களஞ்சியத்தில் இருப்பது மட்டும்தான். ஆக, அவள் ஏழு வருஷமாக எழுதியதை அவளே ஏழு வருஷமாக எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது. தலைப்பெழுத்து மாறியதில் தலையெழுத்தே மாறிப்போயிற்று.

கல்லூரி அலுவலகம் கொடுத்த பெயர் மாற்ற ஆணையை எடுத்துக்கொண்டு இளஞ்செழியனிடம் ஓடினாள். ரெண்டும் நான்தான் சார் என்றாள். அவர் ஆணையைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். முத்திரை எல்லாம் சரியாக இருப்பதாகப் பாராட்டினார். ஆனால் இது அலுவலக ஆணை, கருவி அலுவலகத்தின் கீழ் வராது, மையத்தின் கீழ் வருகிறது என்றார். கருவியில் பெயர் மாற்ற அதை நடத்தும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், இருபத்தொரு வேலை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அவள் சொன்னாள். அப்படியானால் ஒரே ஒரு வழி இருக்கிறது என்று ஒரு படிவத்தை நீட்டினார். மூல ஆசிரியர், அதாவது செ. உபகாரமேரி, தன் எழுத்தைப் பயன்படுத்த ஆ. உபகாரமேரிக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் தொண்ணூற்றொன்றும் கழிந்துவிடும்.

உபகாரமேரி அங்கேயே பேனாவை எடுத்தாள். அவர் தடுத்தார். ஏழாவது விதியைப் படிக்கச் சொன்னார். மூல ஆசிரியர் நேரில் வர வேண்டும். விண்ணப்பதாரரும் மூல ஆசிரியரும் ஒருவராக இருத்தல் கூடாது.

“சார், நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க. அவ நான்தாங்க. எங்கருந்து இன்னொருத்தியக் கூட்டிக்கினு வர்றது?”

“அதை நீங்கள் சொல்லக் கூடாதம்மா” என்றார் அவர் கனிவாக. “எல்லாத் திருடர்களும் அப்படித்தானே சொல்வார்கள், இது என்னுடையது என்று.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியாது என்பார்கள். திருடாதவளுக்கும் அதே கதி என்பது உபகாரமேரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இளஞ்செழியன் மறுபடி முடிவுக் காகிதத்தைப் புரட்டினார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. செ. உபகாரமேரி பதினொரு தடவை பங்களித்திருக்கிறார்! வேறு யாரும் இரண்டு தடவைக்கு மேல் பங்களிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வரப்போகிற தரமதிப்பீட்டுக் குழுவுக்கு முன்னால் ‘கருத்துத் திருட்டு ஒழிப்பு நாள்’ கொண்டாட வேண்டும். ஒழிக்கத் திருட்டு இருந்தது, பறிகொடுத்தவர் ஒருவர் கிடைக்காமல்தான் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். களஞ்சியத்தில் பதிவாகியிருந்த எண்ணை அப்போதே போனில் அழுத்தினார்.

உபகாரமேரியின் கைப்பையில் மணி அடித்தது.

சார், என் போன்தான் என்றாள். மையத்துக்குள் அலைபேசி பேசத் தடை, வெளியே போய்ப் பேசுங்கள் என்று அறிவிப்புப் பலகையைக் காட்டினார். அவள் வராந்தாவுக்குப் போய் எடுத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசுவது தெரிந்தது.

“வணக்கம், செ. உபகாரமேரி அம்மையார்தானே?”

அப்பா செத்து ஆறு வருஷம். அந்த எழுத்தோடு சேர்த்து அவளை யாரும் கூப்பிட்டு நாலு வருஷம். இவ்வளவு எரிச்சலிலும் அது காதுக்கு இதமாக இருந்தது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. ஆமாங்க என்றாள். அவர் அவளுடைய தமிழ்த்தொண்டைப் புகழ்ந்தார். தகுதியில்லாத ஒரு பெண்மணி அவளுடைய எழுத்தைக் களவாடிவிட்டதை வருத்தத்தோடு தெரிவித்தார். சொல்லும்போது கண்ணாடி வழியாக அந்தப் பெண்மணியை முறைத்தும் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மேடைக்கு வந்தால் ‘சிறந்த அறிவுப் பங்களிப்பாளர்’ விருது கொடுத்துக் கௌரவிப்பதாகச் சொன்னார்.

உபகாரமேரிக்கு மூளையில் ஏதோ சட்டென்று வெளிச்சமாயிற்று. “வரேன் சார். அந்தம்மாவுக்கு ஆட்சேபணை இல்லேன்னு கையெழுத்து மட்டும் அன்னிக்கே போட்டுக் குடுத்துடலாமா?”

“உங்கள் உரிமை அம்மா. மேடையிலேயே போடலாம். அடையாளச் சான்றெல்லாம் வேண்டாம், உங்களை நாங்கள் சந்தேகிப்போமா? ஆனால் என் அறிவுரை, இவர்களை மன்னிக்கவே கூடாது.”

அவள் உள்ளே திரும்பிவந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். மூல ஆசிரியர் மிகவும் பண்பானவர், நீங்கள் அதிர்ஷ்டசாலி என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, விழா ஏற்பாட்டுக்காக. உபகாரமேரி வீட்டில் சோறு வடித்ததும் தெரியவில்லை, தின்றதும் தெரியவில்லை. சர்க்கரை ஆலை வேலை முடிந்து வந்த ஆல்பர்ட் முழுக் கதையையும் கேட்டான். அவன் பெரிதாகப் படித்தவன் இல்லை. “என் இனிஷியல்தான் தொந்தரவுன்னா திருப்பிக் குடுத்துடு மேரி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றான். அவள் சிரித்தாள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷத்தில் அவள் அழுது அவன் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை விழா பத்தரைக்கு. சிறப்பு விருந்தினர் ஒன்றரைக்கு வந்தார். பிறகு சாப்பிடப் போனார். வாசலில் ஒரு பெரிய வட்டப் படம் வைத்திருந்தார்கள். அதில் ஒரு கீற்றைத் தவிர எல்லாம் சிவப்பு. கீழே ‘ஆ. உபகாரமேரி: 91%’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே போன மாணவிகள், மேடைக்கு அழைத்துப்போகப்பட்ட அம்மையாருக்கு வணக்கம் சொன்னார்கள். அவளை முதல்வருக்கு வலப்பக்கம் உட்காரவைத்தார்கள். மடியில் ஆய்வேடு, அதன்மேல் படிவம். எதிரே சுவரில் கடிகாரம். அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

உரைகள் தொடங்கின. மூன்று மணி. மூன்றரை. முதல்வர் தீனதயாளன் எழுந்தார். தரமதிப்பீட்டுக் குழுவைப் பார்த்தபடியே பேசினார்.

“நமது கல்லூரியில் திருட்டே இல்லை என்று சில பொறாமைக்காரர்கள் சொல்லிவந்தார்கள். திருட்டு இல்லாத இடத்தில் கண்டுபிடிக்கும் கருவி எதற்கு என்று கேட்டார்கள். இன்று தொண்ணூற்றொரு சதவீதம் பிடித்துக் காட்டியிருக்கிறோம். இது மாவட்டத்திலேயே அதிகம். அடுத்த ஆண்டு நூறு சதவீதத்தை எட்டுவோம் என்று உறுதி கூறுகிறேன்.”

குழுவினர் குறித்துக்கொண்டார்கள். நாலு மணிக்குப் பொன்னாடையும் கேடயமும் கொடுத்து, செ. உபகாரமேரியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவளுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் யாராவது ஒருவருக்காவது உறைக்காதா என்று மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்களே, அந்தம்மாவும் நான்தாங்க. நானும் அவளும் வேற இல்லீங்க.”

இளஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டத் தொடங்கினார். முதல்வர் தட்டினார், குழு தட்டியது, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. தன்னிடம் திருடியவரையே தானாக நினைக்கிற இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று தொகுப்பாளர் தழுதழுத்தார். உபகாரமேரி மறுபடி வாயைத் திறந்தாள். மைக்கை நன்றியுரைக்காக வாங்கிக்கொண்டார்கள்.

சரி, கையெழுத்தாவது ஆகட்டும் என்று படிவத்தை நீட்டினாள். செ. உபகாரமேரி என்று போட்டாள். இயக்குநர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மையத்தின் முத்திரை வைத்தார்கள். படம் எடுத்தார்கள். படத்துக்காக இன்னொரு தடவை முத்திரை வைத்தார்கள். நாலு நாற்பதுக்கு அவள் மேடையிலிருந்து இறங்கி, பொன்னாடை தோளில் கிடக்க, கேடயத்தையும் ஆய்வேட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினாள். முப்பத்தேழு வயதில் அப்படி ஓடுவது நன்றாக இருக்காது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

ஆய்வுப் பிரிவு ஜன்னலுக்கு உள்ளே எழுத்தர் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது அவருக்கு. கெட்டவர் இல்லை. ஓடிவந்தவளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டுத்தான் காகிதங்களை வாங்கினார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நெறியாளர் கையெழுத்து இருக்கிறது. ஆய்வேடு இருக்கிறது. ஒப்புமை முடிவு, அதற்குமேல் ஆட்சேபணை இல்லாப் படிவம், முத்திரை இரண்டு. தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் படிவத்தில் நின்றுவிட்டார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

“இந்தம்மா அனுமதி குடுத்திருக்காங்க, சரி” என்றார் மெதுவாக. “அனுமதி குடுத்தா, எழுதினது அவங்கன்னுதானம்மா அர்த்தம்? அவங்க எழுதினதுக்கு உங்களுக்கு எப்படிம்மா டாக்டர் பட்டம் குடுக்கறது?”

உபகாரமேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கல்யாணம், எழுத்து மாறியது, மலை, பாறை, போன், மேடை. பெயர் மாற்ற ஆணையைக் கம்பிக்குள் திணித்தாள். ஆதாரையும் திணித்தாள். ஆதிமூலம் முழுவதையும் கேட்டார். அவர் நம்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெயர் மாற்ற ஆணையைத் தட்டச்சு செய்ததே அவர்தான். நம்பி என்ன பிரயோஜனம்? விதிப் புத்தகத்தை எடுத்து விரித்து, ஏழாவது விதியில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நான் எழுதினா, இந்த அனுமதி செல்லாது. தொண்ணூத்தொண்ணு அப்படியே நிக்கும். வேற வேற ஆளுன்னு எழுதினா, அனுமதி செல்லும், ஆய்வேடு செல்லாது.” அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. “ரெண்டுல ஒண்ணுதாம்மா எழுத முடியும். நேரம் வேற ஆயிக்கினு இருக்குது. நீங்களே சொல்லுங்க, நான் எழுதிடறேன். அவங்களும் நீங்களும் ஒண்ணா, வேற வேறயா?”

தூரத்தில் அரங்கத்தில் நாட்டுப்பண் பாடினார்கள். ஆதிமூலம் எழுந்து நின்றார், அவளும் நின்றாள். ஐம்பத்திரண்டு விநாடி அதில் போயிற்று. பாட்டு முடிந்ததும் அவர் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார்.

“கல்யாணம் ஆவறதுக்கு முந்தி ஒண்ணாத்தாங்க இருந்தோம்” என்றாள் உபகாரமேரி.

ஆதிமூலம் அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டு, மணி ஐந்தானதைப் பார்த்து, ஜன்னலைச் சாத்தினார்.